ஊருக்கெல்லாம் ஒரே விலாசம்

எங்கள் ஊரில் வீடுகள் உண்டு, விலாசம் கிடையாது. விலாசம் என்றால் அது என் கடைதான். ஏரியூர் போகிற சாலையில் பஸ் நிற்கிற இடத்தில் மளிகை, செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் மூன்றையும் ஒரே அறைக்குள் அடைத்து, நடுவில் நானும் அடைபட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆன்லைனில் எதையாவது வாங்குகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டு, அதற்கடியில் என் கடையைப் போடுவார்கள். போன் நம்பரும் என்னுடையதுதான். மேட்டுத் தெருவில் டவர் எடுக்காது, கடை வாசலில் எடுக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், எந்த போன் அடித்தாலும் நான் முதல் மணியிலேயே பதறிப்போய் எடுத்துவிடுவேன். அடிப்பது பேங்க்காரனோ பார்சல்காரனோ, எனக்கு எல்லா மணியும் சாவுச் செய்திதான்.

பதற்றம் எனக்குக் கூடப் பிறந்தது. “உங்களுக்கு வயித்து வலின்னா நாலு ஊருக்கு வயித்து வலி” என்பாள் என் மனைவி. ஒருமுறை ஜெராக்ஸ் மெஷினுக்குள் யாரோ விட்டுப்போன ரத்தப் பரிசோதனைத் தாளை என்னுடையது என்று நினைத்துவிட்டேன். முந்தின வாரம் நானும் ரத்தம் கொடுத்திருந்தேன், அதனால் என் மேல் முழுத் தப்பு சொல்ல முடியாது. கடையை மூடி, வீட்டுக்குப் போய், மனைவியை உட்காரவைத்து, பேங்க் பாஸ்புக் எந்த டப்பாவில் இருக்கிறது, கடன் சொன்னவர்களில் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்றெல்லாம் தழுதழுத்த குரலில் சொல்லி முடித்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்து, “இதுல பொம்பளன்னு போட்டிருக்குதுங்க” என்றாள்.

அன்றிலிருந்து ஊரில் எனக்கு ஒரு சலுகை. கெட்ட செய்தி எதுவும் என்னிடம் நேராக வராது. வடிகட்டி, ஆறவைத்து, பாதிச் சர்க்கரை போட்டுத்தான் வரும். இதை ஒரு வேடிக்கையாகத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அக்கா கடைக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். மாமா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். ஒரு மாடு, கொஞ்சம் மேட்டுநிலம், அதில் கல்லக்கா, அதாவது நிலக்கடலை. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுத்துக்கொள்வது ஒரு வழி என்றார்கள். வீட்டிலேயே செய்துகொள்வது இன்னொரு வழி. வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். ஒரு பை மருந்துத் தண்ணீரை அதன் வழியாக உள்ளே இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வடித்துவிட வேண்டும். ரத்தத்தில் இருக்கும் அழுக்கு அந்தத் தண்ணீரோடு வந்துவிடும். தினமும் இப்படி மூன்று பை.

“மாட்ட யாரு புடிச்சிக் கட்டறது? பையே வரட்டும்” என்று அக்கா இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் ஓர் அறைக்கு டைல்ஸ் போட்டு, கதவு வைத்து, கை கழுவ ஒரு பேசின் வைத்துக் கொடுத்தோம். அந்த அறைக்குள் நான் நுழையக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். “நீ பயத்துலயே தும்முவடா.”

பைகள் கர்நாடகத்துப் பக்கம் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து வரும். இங்கேதான் கம்ப்யூட்டரைப் பாராட்ட வேண்டும். எங்கள் அக்காவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பை, கடைசிப் பெட்டி என்றைக்குத் தீரும் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். நாங்கள் கேட்காமலே அடுத்த பெட்டிகள் கிளம்பும். கிடங்கில் ஒரு பீப், லாரியில் ஏறும்போது ஒரு பீப், தருமபுரி பார்சல் மையத்தில் இறங்கும்போது ஒரு பீப். ஒவ்வொரு பீப்புக்கும் என் போனுக்கு ஒரு மெசேஜ். வேன் கிளம்பிவிட்டால் வரைபடத்தில் நீலப் புள்ளி ஒன்று இண்டூர், பென்னாகரம் என்று ஊர்ந்து வரும். கூடப் பிறந்த எனக்கு அவள் சாப்பிட்டாளா என்று கேட்க மறந்துபோகும். அந்தப் புள்ளிக்கு மறக்காது.

முதலில் இரண்டு மாதத்துக்கான பெட்டிகளை மொத்தமாக இறக்கிவிட்டுப் போனார்கள். அக்கா வீட்டில் கட்டில் போட இடமில்லை. பிறகு கம்ப்யூட்டர் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஆகிவிட்டது. எதற்கு வீணாக அடுக்கிவைப்பது, தீரப்போகும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதாதா என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொன்னபடி சரியாகவே வந்தது. மிச்சம் என்று நாலைந்து நாளைக்கு மேல் இருக்காது. அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாம்பென்று நினைத்துப் பெல்ட்டைக் கண்டு ஓடினவன் நான். ஓட வேண்டிய இடத்தில் உட்கார்ந்து மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஒகேனக்கல்லில் அந்த வருஷம் தண்ணீர் அளவாக ஓடியதால் குளிக்க விட்டார்கள். ஊரே கிளம்பிவிட்டது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தாலிக்கயிறு மாற்ற, மற்றவர்கள் மீன் வறுவல் தின்ன. நானும் கடையைச் சாத்திவிட்டு மனைவியோடு போனேன். ஊரில் தங்கினது அக்கா ஒருத்திதான். பை மாற்ற வேண்டும், மாடும் இருக்கிறது.

அன்றைக்குத்தான் வேன் வந்திருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் ஊர் முழுக்க ஆர்டர் போட்டிருந்தது. சேலை, செருப்பு, ஹெல்மெட், குக்கர், யாரோ ஒருவர் போட்ட ட்ரில்லிங் மெஷின். அதோடு அக்காவின் பெட்டிகளும். வேன்காரத் தம்பி எனக்கு போன் அடித்திருக்கிறார். என் போன் என் மனைவியின் கூடையில், துணிக்கும் புளிசாத டப்பாவுக்கும் நடுவே கிடந்தது. அருவிச் சத்தத்தில் சாவுச் செய்தியே வந்தாலும் கேட்காது. வாழ்க்கையில் நான் முதல் மணியில் எடுக்காத ஒரே போன் அது.

அவர் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். பூட்டு. பக்கத்தில் கேட்க ஆளில்லை. இரண்டு வீடு தள்ளி அக்கா, பெட்டி எப்போது வரும் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் வந்து நின்றதை அவளும் பார்த்திருக்கிறாள். வேனும் ஆளும் புதுசு, அதனால் கடைக்கு ஏதோ சரக்கு என்று நினைத்துக்கொண்டாள். அவர் கையில் இருந்த செயலியில் அவள் வீடு இல்லை. என் கடைதான் இருந்தது. அத்தனை பார்சலையும் ஒவ்வொன்றாகத் தட்டி, இருக்கிறதிலேயே பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்: வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை மெசேஜ் வந்தது. ஒரே நாளில் இத்தனை பார்சலை மறுத்த விலாசம் மோசடி விலாசமாக இருக்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகம். சேவை நிறுத்தப்படுகிறது, பொருள்கள் அனுப்பிய இடத்துக்கே திரும்புகின்றன.

நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். “எத்தன பை இருக்குதுக்கா?”

“மூஞ்சி ஏன்டா இப்பிடி வெளுத்துப் போயிருக்குது? நாலு நாளைக்கு வரும்.”

“பெட்டி திரும்பிப் போவுது!”

“போனா வராதா? மொதல்ல லுங்கிய ஒழுங்காக் கட்டு.”

தருமபுரி பார்சல் மையத்திலேயே மறித்துவிடலாம் என்று கடைக்கு வந்து வண்டிச் சாவியைத் தேடினேன். அந்த நேரத்தில்தான் கேஸ் வண்டி வந்து நின்றது. மேட்டுத் தெரு அம்மா ஒருத்தர் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, ஓடிபி வந்துச்சா? அது சொல்லலன்னா குடுக்கமாட்டேங்கறான்” என்று கத்தினார். போனை அவர் கையில் திணித்து, மேஜையிலிருந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தேன்.

இண்டூர் தாண்டி, நீலப் புள்ளி எங்கே என்று பார்ப்பதற்காக வண்டியை ஓரம் கட்டினேன். பையிலிருந்து எடுத்தேன். கடைக் கால்குலேட்டர். திரையில் பூஜ்யம் ஒன்று பளிச்சென்று இருந்தது. திரும்பிப் போய்ப் போனை எடுத்து வருவதற்குள் லாரி கிளம்பிவிட்டால்? அந்தக் கேள்விக்கு விடை கால்குலேட்டரில் கிடைக்காது. நேராகப் போய்விட்டேன்.

பார்சல் மையம் பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே போய்ப் பார்த்தேன். நம் ஆட்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு வரிசையாக நின்று பார்த்ததில்லை. பெட்டிகள் பெல்ட்டில் நகர்ந்து வர, ஒரு பெண் பிள்ளை துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்ட, சிவப்பு வெளிச்சம் பட்டுப் பீப். பென்னாகரம் ஒரு மூட்டை, பாலக்கோடு ஒரு மூட்டை. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

மேற்பார்வை பார்த்தவர் முப்பது வயசுக்காரர். பெயரையும் நம்பரையும் வாங்கித் தட்டிப் பார்த்து, “அதோ, அதாங்கண்ணா” என்று கை காட்டினார். சுவரோரம் அக்காவின் பெட்டிகள். மேலே பை கம்பெனியின் ஊதா எழுத்து. எனக்குப் போன உயிர் வந்தது. போய்த் தூக்கப் பார்த்தேன்.

“அண்ணா, தொடாதீங்க. அது ரிட்டன்ல நிக்குது. வெளிய எடுத்தா கேட்டுல அலறும், அப்பறம் நானும் உங்ககூடவே வெளிய வந்துடவேண்டியதுதான்.”

“எங்க அக்கா உசுருங்க அது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லுகிறேன் என்று அவர் நினைக்கவில்லை. “சரிங்கண்ணா. ரிட்டன நிறுத்தறதுக்கு ஒரு வழி இருக்குது. பார்சல் போட்ட நம்பருக்கு ஓடிபி அனுப்பறேன். அதச் சொல்லுங்க, கையிலயே குடுத்துடறேன். மூணு வாட்டிதான் போட முடியும், பாத்துச் சொல்லுங்க. போன எடுங்க.”

நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் போனையே கொடுத்தார். என் நம்பருக்கு அடித்தேன். மனைவி எடுத்தாள். பின்னால் ஊரே நின்று கத்துகிற சத்தம்.

“ஏங்க, எங்க போயிட்டீங்க? கல்லாப்பொட்டி தொறந்து கெடக்குது. கால்குலேட்டர் வேற காணோம்.”

“அது எங்கிட்ட இருக்குது. ஓடிபி ஒண்ணு வந்திருக்கும் பாரு, சொல்லு.”

“எது? வரிசையா வந்துகிட்டே கெடக்குது. பார்சலெல்லாம் திரும்பிப் போயிடுச்சுன்னு எல்லாரும் வேற கம்பெனில மறுபடி போட்டுகிட்டு நிக்கறாங்க.”

“கடைசியா வந்தது!”

அவள் சொன்னாள். மேற்பார்வையாளர் தட்டினார். திரையில் சிவப்பு.

“ஐயோ, அது கேஸுக்கு வந்ததுங்க. இப்பத்தான் அந்தம்மா சொல்றாங்க.”

“பார்சல்னு போட்டிருக்கறதப் பாரு.”

“எல்லாத்துலயும் அப்பிடித்தான் போட்டிருக்குது, இங்கிலீஸ்ல.” யாரோ குறுக்கே, “அண்ணி, அது என்னோட ஹெல்மெட்டுக்கு, அதச் சொல்லிடாத” என்றார்கள். இன்னொரு குரல், “குக்கருக்கு வந்துச்சா பாரு.” மனைவி மறுபடியும் ஒன்று சொன்னாள். சிவப்பு. அது யாருடைய சேலைக்கோ வந்தது.

மேற்பார்வையாளர் என் தோளில் கை வைத்தார். “அண்ணா, பதறாதீங்க. புதுசா அனுப்பறேன். வந்ததும் அதமட்டும் சொல்லச் சொல்லுங்க.” அனுப்பினார். நான் போனில் கத்தினேன், “இப்ப வருது பாரு, இப்ப வருது, வந்துச்சா, வந்துச்சா!” நான் கத்தின கத்தலில் பெல்ட்டில் நின்ற பெண் பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்தது. பயந்துபோன மனைவி, வந்தது வரட்டும் என்று திரையில் இருந்ததைப் படித்துவிட்டாள். நாங்கள் அனுப்பினது அவள் படித்து முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

மூன்றாவது சிவப்பு. திரை பூட்டிக்கொண்டது.

“ஏங்க, இப்ப இன்னொன்னு வந்திருக்குதுங்க, இதா?” என்றாள் மனைவி. அதுதான். அவள் தெளிவாக, ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். கேட்டுக்கொண்டே, ஓர் ஆள் அக்காவின் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி லாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அவர் ஒரு பீப் அடித்தார். என் போனுக்கும் அங்கே ஒரு மெசேஜ் போயிருக்கும்.

மேற்பார்வையாளர் தன்னால் ஆனதைச் செய்தார். அவசரம் என்று குறிப்புப் போட்டார். பை கம்பெனியின் நம்பருக்கு அடித்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, நாலைந்து வேலை நாட்களில் வந்துவிடும் என்றார். நடுவில் ஞாயிறு வந்தது. சிறுநீரகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாதே என்று கேட்டேன். அந்தப் பெண் பதிலுக்கு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றார்.

சாயந்திரம் அக்கா முன்னால் போய் நின்றேன். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், மெஷினில் போட்டுவிடலாம் என்று சொல்லவும் செய்தேன். ஆனால் எப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, சொன்னதைவிட அழுததுதான் அதிகம். அவள் எழுந்து போய் டைல்ஸ் அறைக் கதவைத் திறந்தாள். சேலை போட்டு மூடின பெட்டி அடுக்கு. “பாருடா. நாலு நாளைக்குன்னு சும்மா சொன்னேன். பழசுலயே கெடக்குது, பத்து நாளைக்குத் தாங்கும். போயி கடையத் தொற.”

வாசலிலேயே நின்று பார்த்தேன். உள்ளே போகக்கூடாது என்பது சட்டமாயிற்றே. அடுக்கு என் மார்பு உயரம் இருந்தது. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அவை காலிப் பெட்டிகள். மாட்டுக்குத் தவிடு கொட்டிவைக்க ஆகும் என்று அவள் எடுத்துவைத்திருந்தவை.

இருந்த பைகளை அவள் பாதி பாதியாக இறக்கியிருக்கிறாள். பாதியை உள்ளே விட்டு, மீதியைக் கட்டிவைத்து, மறுவேளைக்கு அதையே மாட்டியிருக்கிறாள். திறந்த பையைத் திரும்பத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய் பாக்கெட்டைப் பாதி ஊற்றி, வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊரில் எல்லோர் வீட்டு வழக்கமும் அதுதான். அவளும் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். என் கடை ரப்பர் பேண்டு.

கால் வீங்கினது. சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினாள். கடைக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் அதிகமாகவே என்னைக் கிண்டல் செய்தாள். கடைசியில் செருப்பு வார் அவள் காலில் பதிந்து ரத்தம் கட்டியிருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். பார்த்தவள் அக்காவைத்தான் கேட்டாள், என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன ஆவேன் என்று அவளுக்கும் கவலை. இரண்டு பெண்களும் என்னைக் காப்பாற்றுவதில் ஒரு பகல் போயிற்று.

ஆட்டோவில் ஏற்றினபோது அக்காவின் வயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியிருந்தது. உள்ளே சீழ் பிடித்திருந்தது. டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். இனி அந்த வழி இல்லை என்றார். கழுத்தில் ஊசி இறக்கி மெஷினில் போட்டார்கள். பிழைத்தாள். “ஏம்மா, மூச்சு முட்டினப்பவே யாருகிட்டயும் சொல்லலையா?” என்று டாக்டர் கேட்டார். அக்கா தலையை என் பக்கம் அசைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “இவன் பயந்துக்குவான்.”

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜெராக்ஸ் மெஷின் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தது நான்தானே.

பெட்டிகள் வந்துவிட்டன, அவள் வார்டில் இருக்கும்போது. கம்பெனி சொன்ன வார்த்தை தவறவில்லை. அதே வேன்காரத் தம்பி இறக்கிவைத்துவிட்டு, ஓடிபி கேட்டார். சொன்னேன். முதல் தடவையிலேயே பச்சை. திருப்பி அனுப்பலாம் என்றால் மருந்துப் பொருளுக்கு ரிட்டன் கிடையாதாம். கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

மெஷின் நாட்களுக்கு அக்காவைப் பதிவு செய்தபோது நர்ஸ், “அட்ரஸ், போன் நம்பர் சொல்லுங்க” என்றார். பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தினாள். ஊர்ப் பெயரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, வீட்டுவரி ரசீதில் மட்டும் இருக்கும் கதவு எண்ணைச் சொன்னாள். தன் பட்டன் போன் நம்பரைத் தப்பில்லாமல் சொன்னாள். “டவர் எடுக்கலன்னா?” என்றேன். “ரோட்டுல வந்து நின்னு பேசிக்கறேன். நீ சும்மா இரு.”

இப்போது மெஷின் நாட்களில் இருவரும் பஸ்ஸில் போகிறோம். மாட்டை விற்றுவிட்டாள். பஸ் பென்னாகரம் தாண்டியதும் அவளே சேலையைக் கொஞ்சம் தூக்கி, காலைக் காட்டுவாள். “அமுக்கிப் பாரு.” முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுப்பேன். குழி விழும். தண்ணீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அந்தக் குழியில் தெரியும். அது நிரம்ப நேரம் ஆனால் எனக்கு வியர்க்கும், காது அடைக்கும், கண்டக்டரிடம் வேகமாகப் போகச் சொல்லலாமா என்று எழுந்துவிடுவேன்.

“பயந்துக்க” என்பாள் அக்கா. “நல்லாப் பயந்துக்க. நான் சொல்லிகிட்டேதான் இருப்பேன்.”

உட்காருவேன். குழி இன்னும் நிரம்பியிருக்காது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு போவோம்.